நாடற்றவர் கையில் ஒரு தாள்: ஃபிரித்யோஃப் நான்சென் கடந்த தூரம்

ஈழத்திலிருந்து வெளியேறி ஐரோப்பிய நாடுகளில் அடைக்கலம் பெற்ற தமிழர்கள் பலர், குடியுரிமை கிடைக்கும் வரையிலான ஆண்டுகளில் ஒரு பயண ஆவணத்தை வைத்திருந்தார்கள். அது பெரும்பாலும் நீல அட்டை போட்டது. முகப்பின் இடது மேல் மூலையில் சாய்வாக இரண்டு கோடுகள் இருக்கும். விமான நிலையத்தில் அதை நீட்டும்போது, தம்முன் நிற்பவர் சொந்த நாட்டின் பாதுகாப்பில் இல்லாதவர் என்பதும், அவருக்காக வேறொரு நாடு பொறுப்பேற்றிருக்கிறது என்பதும் அந்தக் கோடுகளைக் கண்டதுமே அதிகாரிக்கு விளங்கிவிடும். 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை வகுத்த அந்த ஆவணத்துக்கு ஒரு மூதாதை உண்டு. 1922 ஜூலையில் ஜெனீவாவில் ஒப்புக்கொள்ளப்பட்ட ஒற்றைத் தாள் அது. ‘நான்சென் கடவுச்சீட்டு’ என்பது அதற்கு வழங்கிய பெயர்.

அந்தப் பெயருக்குரிய ஃபிரித்யோஃப் நான்சென் சட்டம் படித்தவர் அல்லர். கடல்வாழ் சிற்றுயிர்களின் நரம்புகளை நுண்ணோக்கியில் ஆராய்ந்து முனைவரானவர். வடதுருவக் கடலின் ஆழத்தை அளந்தவர். 1905இல் நார்வே சுவீடனிடமிருந்து பிரிந்தபோது அந்த விடுதலைக்காக எழுதியும் பேசியும் தூது போயும் உழைத்தவர். அறிவியலாளர், விடுதலைக் குரல், அமைதித் தூதர் என்று மூன்று தனி மனிதர்களைப் போல அவரைப் பிரித்து எழுதுவதே வழக்கமாக இருக்கிறது. வாழ்க்கையைச் சற்று நெருங்கிப் பார்த்தால் அந்தப் பிரிப்பு நிற்பதில்லை என்றே நான் கருதுகிறேன். உள்ள நிலையை முதலில் அளந்துகொண்டு, கைக்கு எட்டும் கருவியைக் கொண்டு காரியத்தை முடிக்கும் ஆய்வுக்கூடப் பழக்கம் கடைசி வரை அவரிடம் இருந்தது. அவருடைய பெரும் வெற்றிகளும், மனத்தை உறுத்தும் சில முடிவுகளும் அதே பழக்கத்திலிருந்துதான் வந்தன.

கிறிஸ்டியானியா என்று அப்போது வழங்கிய இன்றைய ஓஸ்லோவை அடுத்த ஒரு பண்ணை வீட்டில், 1861 அக்டோபர் 10 அன்று, ஒரு வழக்குரைஞரின் மகனாக நான்சென் பிறந்தார். பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படித்தார். 1882இல் சீல் வேட்டைக் கப்பலொன்றில் கிரீன்லாந்துக் கடலுக்குப் போய்வந்த கையோடு பெர்கன் அருங்காட்சியகத்தில் பணிக்குச் சேர்ந்தார். நரம்பு மண்டலம் முழுவதும் இடையறாமல் பின்னிய ஒரே வலை என்ற கருத்து அறிவியல் உலகில் செல்வாக்குடன் இருந்த காலம் அது. இத்தாலியின் பாவியா நகருக்குச் சென்று, வெள்ளி உப்பால் நரம்பணுக்களைக் கறுப்பாக்கிக் காட்டும் முறையை காமில்லோ கோல்ஜியிடமே நேரில் கற்றுவந்த நான்சென், நரம்பிழைகள் ஒன்றோடொன்று ஒட்டிக் கலப்பதில்லை என்ற முடிவுக்கு வந்தார். நரம்பணு ஒவ்வொன்றும் தனி அலகு என்று பின்னர் நிலைபெற்ற கொள்கைக்கு முன்னோடியாகச் சொல்லப்படும் சிலருள் அவரும் ஒருவர்.

முனைவர் பட்டத்துக்கான வாய்மொழித் தேர்வு முடிந்த சில நாள்களிலேயே, 1888இல், அவர் கிரீன்லாந்துக்குப் புறப்பட்டார். அந்தப் பெருந்தீவின் உட்பகுதிப் பனியை அதுவரை எவரும் குறுக்காகக் கடந்ததில்லை. முன்பு முயன்றவர்கள் மக்கள் குடியிருக்கும் மேற்குக் கரையிலிருந்து கிளம்பி, இயலாதபோது திரும்பிவிட்டார்கள். நான்சென் ஆள் அரவம் அரிதான கிழக்குக் கரையைத் தேர்ந்தார். அங்கே இறங்கிவிட்டால் திரும்பிப் போவதற்கு ஊர் இல்லை, மேற்கே நடந்தால்தான் உயிர். ஒட்டோ ஸ்வெர்ட்ரூப்பும், பால்டோ, ரவ்னா என்ற, வட ஸ்காண்டிநேவியப் பழங்குடியான சாமி இனத்தவர் இருவரும் உட்பட ஆறு பேர் பனிச்சறுக்குக் கட்டைகளில் அந்தப் பனியைக் கடந்து அக்டோபரில் மேற்குக் கரையை அடைந்தனர். ஆண்டின் கடைசிக் கப்பல் போய்விட்டிருந்ததால் குளிர்காலம் முழுவதும் அங்கேயே தங்க நேர்ந்தது. உள்ளூர் இன்யூட் மக்களிடம் கயாக் படகு ஓட்டவும் வேட்டையாடவும் நான்சென் கற்றது அந்தக் காலத்தில்தான். எட்டு ஆண்டுகளுக்குப் பின் அவர் உயிர் தப்பியதற்கும் அந்தக் கல்வியே காரணம்.

1881இல் சைபீரியாவுக்கு வடக்கே பனி நெருக்கி நொறுக்கிய ஜெனட் என்ற அமெரிக்கக் கப்பலின் பொருள்கள், மூன்று ஆண்டுகள் கழித்துக் கிரீன்லாந்தின் தென்மேற்குக் கரையில் ஒதுங்கின. அப்படியானால் துருவப் பனி நிலையாக நிற்கவில்லை, கிழக்கிலிருந்து மேற்காக நகர்கிறது என்று வானிலை அறிஞர் ஹென்ரிக் மோன் எழுதினார். படித்த நான்சென், பனியோடு போராடாமல் பனி போகும் போக்கில் ஒரு கப்பலை விட்டுவிட்டால் அது துருவத்தின் அருகே கொண்டுபோய்ச் சேர்க்குமே என்று கணக்கிட்டார். காலின் ஆர்ச்சர் என்ற கப்பல் தச்சர் அதற்காகவே ஃப்ராம் என்னும் கப்பலைக் கட்டினார். 39 மீட்டர் நீளத்துக்கு 11 மீட்டர் அகலம். பக்கங்கள் உருண்டையாக, பனி இறுக்கும்போது பிடி கிடைக்காமல் கப்பல் மேலே எழும்பும் வண்ணம் அமைந்தது. துருவப் பயணத்தில் அனுபவம் மிக்க அமெரிக்கரான கிரீலி உள்ளிட்டோர் இந்தத் திட்டத்தைத் தற்கொலைக்கு ஒப்பாகக் கண்டித்தார்கள். 1893 ஜூனில் பதின்மூன்று பேருடன் ஃப்ராம் புறப்பட்டது. செப்டம்பரில் பனியில் உறைந்தது. கணக்கிட்டபடியே மிதந்து நகரத் தொடங்கியது.

நகர்வின் பாதை துருவத்தைத் தொடாது என்று தெரிந்ததும், 1895 மார்ச் 14 அன்று நான்சென் ஹ்யால்மார் யோஹான்சென் என்ற தோழருடன் 28 நாய்களையும் சறுக்குவண்டிகளையும் கொண்டு கால்நடையாகக் கிளம்பினார். ஏப்ரலில் வடக்கு 86 பாகை 14 கலை வரை சென்று, அதுவரை மனிதர் எட்டிய மிக வடக்கான இடத்தை அடைந்து திரும்பினர். திரும்பும் வழியில் ஒருநாள், களைப்பில் இருவருமே கடிகாரத்துக்குச் சாவி கொடுக்க மறந்துபோனார்கள். சரியான நேரம் தெரியாவிட்டால் தீர்க்கரேகையைக் கணிக்க முடியாது. அதன்பின் பல மாதங்கள் தாங்கள் நிற்கும் இடம் எது என்பது உறுதியாகத் தெரியாமலேயே நடந்தார்கள். நாய்களை ஒவ்வொன்றாகக் கொன்று மற்ற நாய்களுக்கு உணவாக்கினார்கள். ஃபிரான்ஸ் யோசஃப் தீவுக்கூட்டத்தில் கல்லை அடுக்கி, வால்ரஸ் தோலைக் கூரையாக வேய்ந்த குடிசையில் கரடி இறைச்சியைத் தின்று ஒரு முழுக் குளிர்காலத்தைக் கழித்தார்கள். 1896 ஜூனில், கட்டிவைத்த கயாக் படகுகள் அவிழ்ந்து கடலுக்குள் மிதந்து போனபோது, உணவும் துப்பாக்கியும் எல்லாமே அவற்றில்தான் இருந்தன என்பதால், நான்சென் உறைநீரில் குதித்து நீந்திச் சென்று மீட்டுவந்தார். சில நாள்களில், அங்கு முகாமிட்டிருந்த ஆங்கிலேயர் ஃபிரெடரிக் ஜாக்சனைத் தற்செயலாகச் சந்தித்து ஊர் திரும்பினர். அந்த ஆண்டு ஆகஸ்டில் ஃப்ராமும் பனியிலிருந்து விடுபட்டுப் பழுதின்றி வந்து சேர்ந்தது.

சாகசத்தின் புகழ், பயணத்தின் அறிவியல் பயனை ஓரளவு மறைத்துவிட்டது. துருவக் கடல் ஆழம் குறைந்தது என்று எண்ணிப் போனவர்களின் அளவுக் கயிறு அடியைத் தொடவில்லை. கப்பலில் இருந்த இரும்பு வடம் ஒன்றைப் புரி புரியாகப் பிரித்து, புதிய கயிறு திரித்து இறக்கியபோதுதான் 3,000 மீட்டருக்கும் கூடுதலான ஆழம் தெரிந்தது. மேலே உறைகுளிர் நீரும் அதன் கீழே அட்லாண்டிக்கிலிருந்து நுழைந்த சற்று வெப்பமான நீரும் அடுக்கடுக்காக இருப்பதை அளந்தார்கள். பனி காற்றடிக்கும் திசையிலேயே நேராகப் போகாமல் வலப்பக்கம் விலகிப் போவதைக் குறித்துக்கொண்ட நான்சென், புவியின் சுழற்சியே காரணம் என்று கருதினார். அந்தக் குறிப்பைப் பிடித்துக்கொண்டு சுவீடனைச் சேர்ந்த எக்மன் உருவாக்கிய கணித விளக்கம் இன்றும் கடலியலின் அடிப்படைப் பாடம். ஆழ்நீரை அதன் வெப்பநிலை அறியும் வகையில் சிறைபிடித்து மேலே கொண்டுவரும் ‘நான்சென் போத்தல்’ பல பத்தாண்டுகள் ஆய்வுக் கப்பல்களில் இருந்தது.

இந்தப் புகழை அவர் தம் நாட்டுக்காகச் செலவிட்ட தருணம் 1905இல் வந்தது. 1814 முதல் நார்வே தனி நாடாளுமன்றம் கொண்டிருந்தும் சுவீடன் மன்னரின் கீழ் இணைந்திருந்தது. வெளியுறவு சுவீடன் கையில். நார்வேயின் வணிகக் கப்பல்கள் உலகின் துறைமுகங்கள் எங்கும் போய்க்கொண்டிருக்க, அங்கெல்லாம் அவற்றின் நலனைப் பார்க்கத் தனித் தூதரகங்கள் வேண்டும் என்ற கோரிக்கைதான் உடைவுக்கு வழிவகுத்தது. நாளேடுகளில் நான்சென் தொடர்ந்து எழுதினார். மார்ச் மாதம் லண்டன் டைம்ஸ் நாளேட்டில் அவருடைய நீண்ட கடிதம் வெளியாயிற்று. அயல்நாட்டு வாசகர் அறிந்த ஒரே நார்வே முகம் ஏறத்தாழ அவருடையதுதான் என்பதால், ஒரு சிறு நாட்டின் வழக்கைப் பெரும் வல்லரசுகளின் தலைநகரங்கள் காதுகொடுத்துக் கேட்டன. மன்னர் ஆஸ்கர் தூதரகச் சட்டத்துக்கு ஒப்புதல் மறுத்தார். ஜூன் 7 அன்று நாடாளுமன்றம் இணைப்பு முடிந்தது என்று அறிவித்தது. ஆகஸ்ட் வாக்கெடுப்பில் பிரிவினைக்கு ஆதரவாக 3,68,208 பேரும் எதிராக வெறும் 184 பேரும் வாக்களித்தார்கள். வாக்குரிமை இல்லாத பெண்கள் தனியே இரண்டு லட்சத்து நாற்பதாயிரத்துக்கும் மேற்பட்ட கையொப்பங்களைத் திரட்டிக் கொடுத்ததை இங்கே விட்டுவிடக் கூடாது.

எல்லையில் இரு படைகளும் நின்றன. செப்டம்பரில் கார்ல்ஸ்டாட் நகரில் நடந்த பேச்சில் எல்லைக் கோட்டைகளை இடிக்கவும் இடையே படையற்ற பகுதி அமைக்கவும் உடன்பட்டு, ஒரு குண்டும் வெடிக்காமல் பிரிவு நிறைவேறியது. டென்மார்க் இளவரசர் கார்லை நார்வே மன்னராக வரச் சம்மதிக்கவைக்கும் பணிக்கு நான்சென் கோபன்ஹேகனுக்கு அனுப்பப்பட்டார். மக்கள் வாக்களித்து அழைத்தால்தான் வருவேன் என்று இளவரசர் சொல்லிவிட்டார்; மக்களும் 69,264க்கு எதிராக 2,59,563 வாக்குகளால் முடியாட்சியைத் தேர்ந்தார்கள். அடுத்து லண்டனில் நார்வேயின் முதல் தூதராக நான்சென் 1906 முதல் 1908 வரை இருந்தார். நார்வேயின் எல்லையை பிரிட்டன், பிரான்ஸ், ஜெர்மனி, ரஷ்யா ஆகிய நான்கும் மதிப்பதாக உறுதியளித்த 1907 ஒப்பந்தம் அக்காலத்தது. அவர் பிரிந்திருந்த அந்த நாள்களில்தான், 1907 டிசம்பரில், பாடகியான மனைவி ஏவா நுரையீரல் அழற்சியால் ஊரில் காலமானார். பதவியை விட்டு வந்தவர் கடலியல் பேராசிரியராகி மீண்டும் ஆய்வுக்குள் புகுந்தார். உலகப் போரின்போது, நடுநிலை நாடான நார்வேக்கு உணவு கிடைக்க அமெரிக்காவுடன் பேசி உடன்பாடு செய்யும் வேலைக்காக வாஷிங்டன் போனதைத் தவிர, தூதுப்பணி முடிந்துவிட்டதாகவே தோன்றியது.

முதல் உலகப் போருக்குப் பின் நாடுகள் சேர்ந்து அமைத்த பன்னாட்டுச் சங்கம் (League of Nations) 1920 ஏப்ரலில் அவரை அழைத்தது. போர் முடிந்து ஒன்றரை ஆண்டாகியும், சைபீரிய முகாம்களில் ஜெர்மானிய, ஆஸ்திரிய, ஹங்கேரியப் போர்க்கைதிகளும், ஜெர்மனியில் ரஷ்யக் கைதிகளும் லட்சக்கணக்கில் கிடந்தார்கள். நோயும் பசியும் அவர்களைக் கொன்றுகொண்டிருந்தன. சோவியத் அரசோ பன்னாட்டுச் சங்கத்தை ஏற்கவே இல்லை. சங்கத்தின் பெரிய உறுப்பு நாடுகளும் சோவியத் அரசை ஏற்கவில்லை. இந்தச் சுவருக்கு நடுவே மாஸ்கோ நம்பக்கூடிய ஒரு தனிமனிதராக நான்சென் உள்ளே போனார். சைபீரியாவிலிருந்து மேற்கு எல்லைக்கு ரயில்கள் வர மாஸ்கோ உடன்பட்டது. எஸ்தோனியாவின் நார்வாவிலிருந்து பால்டிக் கடல் வழியாக ஆட்களை ஏற்றிச் செல்லக் கப்பல்கள் அமர்த்தப்பட்டன. ஒரு தரப்பின் கைதிகளை இறக்கிய கப்பல் திரும்பும்போது மறு தரப்பின் கைதிகளை ஏற்றிவந்தது. 1922இல் பணி முடிந்தபோது 4,27,886 பேர் வீடு சேர்ந்திருந்தார்கள். செலவு நான்கு லட்சம் பவுனுக்கும் குறைவு. ஆளுக்கு ஒரு பவுன்கூட ஆகவில்லை என்ற கணக்கை நான் பலமுறை எண்ணிப் பார்த்திருக்கிறேன். அத்தனை சிறு தொகைக்காகத்தான் அத்தனை பேர் அத்தனை மாதங்கள் காத்துக் கிடந்தார்கள்.

அந்தப் பணி நடந்துகொண்டிருக்கும்போதே வோல்கா ஆற்றுப் பகுதியில் பஞ்சம் வெடித்தது. உள்நாட்டுப் போர், கட்டாயத் தானியப் பறிமுதல், 1921இன் வறட்சி ஆகிய மூன்றும் சேர்ந்த பஞ்சம் அது. ஆகஸ்டில் மாஸ்கோவில் உடன்பாடு கண்ட நான்சென், செப்டம்பர் 30 அன்று ஜெனீவாவில் சங்கத்தின் முன் நின்று ஐம்பது லட்சம் பவுன் கடன் கேட்டார். கனடாவில் கோதுமை மிகுந்து கிடக்கிறது, அர்ஜென்டினாவில் விற்காத சோளத்தை ரயில் எஞ்சினில் போட்டு எரிக்கிறார்கள், கப்பல்கள் வேலையின்றி நிற்கின்றன, கேட்கும் பணமோ ஒரு போர்க்கப்பலின் விலையில் பாதிதான் என்று எடுத்துரைத்தார். அரசுகள் மறுத்தன. உதவி செய்தால் ரஷ்யாவை ஆண்ட பொதுவுடைமையரான போல்ஷ்விக்குகளின் அரசு வலுப்பெறும் என்பதே உள்ளே இருந்த அச்சம். நிவாரணத்தின் பெரும்பகுதியை, பின்னாளில் அமெரிக்க அதிபரான ஹெர்பர்ட் ஹூவரின் நிவாரண அமைப்பு சுமந்தது. உச்சக் கட்டத்தில் அது நாள்தோறும் ஒரு கோடிப் பேருக்கு உணவளித்தது. நான்செனின் கீழ் இயங்கிய ஐரோப்பிய அமைப்புகள் ஊட்டியது அதில் ஒரு சிறு பங்கே. ஏறத்தாழ ஐம்பது லட்சம் மக்கள் மாண்டார்கள். சோவியத் அரசை அளவுக்கு மீறி நம்பினார் என்ற குற்றச்சாட்டு அன்றே எழுந்தது. அதில் ஓரளவு உண்மையும் உண்டு. ஆனால் அவர் பொதுவுடைமையாளர் அல்லர். சில ஆண்டுகளில் நார்வேயில் பொதுவுடைமைக்கு எதிரான அமைப்பொன்றைத் தொடங்கியவர்களுள் அவரும் இருந்தார்.

கடவுச்சீட்டின் கதையும் இதே ஆண்டுகளுக்குரியது. உலகப் போருக்கு முன் ஐரோப்பாவின் பெரும்பகுதியில் கடவுச்சீட்டு இல்லாமலே எல்லை கடக்க முடிந்தது. போர் வந்ததும் ஒவ்வொரு நாடும் எல்லையில் காவல் போட்டது. போர் முடிந்த பின்னும் அந்தக் காவல் எடுக்கப்படவில்லை. அதே வேளையில் ரஷ்யப் புரட்சியிலிருந்து பதினைந்து லட்சம் பேர் வரை வெளியேறியிருந்ததாக அன்று மதிப்பிட்டார்கள். 1920 நவம்பரில் கிரிமியாவிலிருந்து மட்டும் ஏறத்தாழ ஒன்றரை லட்சம் பேர் கப்பலேறி, இன்றைய இஸ்தான்புல்லான கான்ஸ்டாண்டிநோபிளில் வந்து குவிந்தார்கள். அவர்கள் கையில் இருந்தது மறைந்துபோன ஒரு பேரரசின் முத்திரை. 1921 டிசம்பரில் சோவியத் அரசு, தன் இசைவின்றி வெளியேறியவர்களின் குடியுரிமையைப் பறித்தது. அதன்பின் அவர்கள் எந்த நாட்டுக்கும் உரியவர்கள் அல்லர். வேலை இருக்கும் நாட்டுக்குப் போக ஆவணம் இல்லை. ஆவணம் இல்லாதவர் இருக்கும் இடத்தில் தங்கவும் உரிமை இல்லை. நாடுகடத்தலாம் என்றால் ஏற்றுக்கொள்ள எந்த நாடும் இல்லை.

செஞ்சிலுவைக் குழுவின் வேண்டுகோளின் பேரில் 1921 ஆகஸ்டில் பன்னாட்டுச் சங்கம் நான்செனை ரஷ்ய அகதிகளுக்கான உயர் ஆணையராக நியமித்தது. அவர் இந்தச் சிக்கலை எடுத்துக்கொண்ட விதத்தில் அந்தப் பழைய கடலாய்வாளரைக் காண்கிறேன். குடியுரிமை என்ற பெருங்கேள்வியை அவர் தொடவில்லை; தொட்டிருந்தால் எந்த அரசும் மேசைக்கு வந்திருக்காது. ஒருவர் இன்னார் என்று, அவர் தங்கியிருக்கும் நாடே சான்று எழுதித் தரட்டும்; மற்ற நாடுகள் அந்தச் சான்றின் மேல் நுழைவு அனுமதி முத்திரை குத்த ஒப்புக்கொள்ளட்டும் என்ற அளவோடு நிறுத்திக்கொண்டார். சான்றிதழைக் கொடுத்த நாட்டுக்கே திரும்பி வரும் உரிமையைக்கூடத் தொடக்கத்தில் அது தரவில்லை. அதற்கான ஏற்பாடு 1926இல்தான் வந்தது. அவ்வளவு எளிய தாள் என்பதால்தான் அரசுகள் ஒப்பின. முதலில் 16 நாடுகள், போகப் போக ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றன. ஆண்டுதோறும் அதில் ஒட்டவேண்டிய, ஐந்து தங்க பிராங்க் மதிப்புள்ள வில்லை ஒன்று பின்னர் வந்தது. அதில் அச்சிடப்பட்டிருந்தது நான்செனின் முகம். வசதியுள்ள அகதிகள் கட்டிய அந்தத் தொகை, வசதி இல்லாத அகதிகளுக்கு உதவும் நிதிக்குப் போயிற்று. ஓவியர் ஷாகால், இசையமைப்பாளர் ஸ்ட்ராவின்ஸ்கி, நடனக் கலைஞர் பாவ்லோவா, எழுத்தாளர் நபக்கோவ் ஆகியோர் அந்தத் தாளோடு எல்லை கடந்தவர்கள். பெயர் தெரியாத தையற்காரர்களும் வாடகைக் கார் ஓட்டுநர்களும் லட்சக்கணக்கில் அதையே வைத்திருந்தார்கள். 1924இல் ஆர்மீனியர்களுக்கும், 1928இல் அசிரியர் முதலிய வேறு சில மக்களுக்கும் அது விரிந்தது. அதன் வழிவந்த 1951 உடன்படிக்கையில் இந்தியா கையொப்பமிடவில்லை. அதனால் ஓஸ்லோவிலும் பாரிஸிலும் ஈழத்தமிழர் கையில் இருந்த அந்தக் கோடு போட்ட ஆவணம், தமிழக முகாம்களில் வாழ்ந்த அவர்களின் உறவினர்களுக்குக் கிடைக்கவில்லை.

1922ஆம் ஆண்டின் அமைதிக்கான நோபல் பரிசு நான்செனுக்கு வழங்கப்பட்டது. பணத்தை ரஷ்யாவில் மாதிரிப் பண்ணைகள் அமைப்பதற்கும் கிரேக்க அகதிகளுக்குமாகக் கொடுத்துவிட்டார். ஆனால் அதே கிரேக்க அகதிகளின் விவகாரத்தில்தான் அவருடைய வாழ்வின் மிகக் கடினமான முடிவும் இருக்கிறது. கிரேக்க-துருக்கிப் போரின் முடிவில், 1922 செப்டம்பரில் ஸ்மிர்னா (இன்றைய இஸ்மிர்) நகரம் எரிந்தபின், துருக்கியின் ஆசியப் பகுதியான அனத்தோலியாவின் கிரேக்கக் கிறித்தவர்கள் கூட்டம் கூட்டமாகக் கடல் தாண்டி ஓடினார்கள். இரு நாடுகளும் சிறுபான்மையினரை மாற்றிக்கொள்ளட்டும் என்ற திட்டத்தை முன்வைத்துப் பேசியவர் நான்சென். 1923 ஜனவரி 30 அன்று லோசானில் கையொப்பமான உடன்படிக்கை அதைக் கட்டாயமாக்கியது. பத்து லட்சத்துக்கும் கூடுதலான கிறித்தவர்கள் கிரேக்கத்துக்கும், நான்கு லட்சத்தை நெருங்கிய முஸ்லிம்கள் துருக்கிக்கும் உரியவர்கள் ஆனார்கள். அளவுகோல் மதம் மட்டுமே. துருக்கி மொழியைத் தவிர வேறு அறியாத கிறித்தவர் கிரேக்கத்துக்கும், கிரேக்கம் மட்டுமே பேசிய கிரீட் முஸ்லிம் துருக்கிக்கும் அனுப்பப்பட்டார்கள்.

ஓடிவந்தவர்கள் இனித் திரும்ப முடியாது, அவர்களுக்கு நிலமும் கூரையும் வேண்டும், மீண்டும் கொலைகள் தொடங்குவதற்கு முன் முடிக்க வேண்டும் என்பதே நான்செனின் கணக்கு. கிரேக்கத்தில் அகதிகளைக் குடியமர்த்தச் சங்கத்தின் வழியே பெருங்கடன் ஏற்பாடானதும் அந்த முடிவின் தொடர்ச்சிதான். ஆயினும், பனி போகும் திசையை ஏற்றுக்கொள்ளும் அறிவு, மனிதர் செய்த துரத்தலையும் இயற்கையின் போக்கைப் போல ஏற்றுக்கொண்டுவிட்டது என்று எனக்குத் தோன்றுகிறது. வீட்டை விட்டுப் போக விரும்பாதவரிடம் ஒருவரும் சம்மதம் கேட்கவில்லை. அவர் பெயரைப் போற்றும்போது இதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கடைசி ஆண்டுகளை ஆர்மீனியர் பிரச்சினை எடுத்துக்கொண்டது. துருக்கியப் படுகொலைகளுக்குத் தப்பிச் சிதறிய ஆர்மீனியர்களை, சோவியத் ஆர்மீனியாவின் வறண்ட நிலத்துக்கு நீர் பாய்ச்சிக் குடியமர்த்தலாமா என்று பார்க்க 1925இல் அவர் நேரில் சென்றார். கால்வாய்த் திட்டத்துக்கு அளவெடுத்தார். பாசனப் பரப்பைக் கணக்கிட்டார். உடன் சென்ற குழுவில் விட்குன் குவிஸ்லிங் என்ற இளம் நார்வே அதிகாரி இருந்தார். உக்ரைனில் பஞ்ச நிவாரணப் பணியில் திறமை காட்டியிருந்த அதே மனிதர், பதினைந்து ஆண்டுகள் கழித்து நாட்டை நாஜிகளுக்குக் காட்டிக்கொடுத்து, காட்டிக்கொடுப்போருக்கெல்லாம் பொதுப்பெயராக ஆனார். போரின்போது ஆர்மீனியர்களுக்கு வாக்குறுதிகளை அள்ளி வழங்கிய வல்லரசுகள், பாசனத்துக்கான கடன் என்றதும் ஒதுங்கின. ஆண்டுதோறும் நான்சென் ஜெனீவாவில் எழுந்து கேட்டார். ஆண்டுதோறும் வெறுங்கையோடு திரும்பினார்.

1930 மே 13 அன்று, ஓஸ்லோவை அடுத்து லிசாக்கரில் தாமே வரைந்து கட்டிய வீட்டின் மாடத்தில் அமர்ந்திருந்தபோது அவர் உயிர் பிரிந்தது. மே 17, நார்வேயின் அரசியலமைப்பு நாளன்று, அரசு மரியாதையுடன் இறுதிச் சடங்கு நடந்தது. அவர் பெயரில் சங்கம் தொடங்கிய அகதிகள் அலுவலகம், பின்னாளில் பல்லாயிரம் ஆர்மீனியர்களைக் குடியமர்த்தியது. அவர்களுள் ஏறத்தாழ பத்தாயிரம் பேர் சோவியத் ஆர்மீனியாவின் தலைநகரான எரிவானுக்குப் போனார்கள். அதைப்போல் நான்கு மடங்கினர் சிரியாவிலும் லெபனானிலும் தங்கினார்கள். அந்த அலுவலகத்துக்கு 1938இல் நோபல் அமைதிப் பரிசு கிடைத்தது. அதே ஆண்டின் இறுதியில் சங்கம் அதை மூடியது.